இணையவழியே பேசலாம்; கரண்ட் போனால் என்ன செய்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் செலவில்லாமல் பேச முடிகிற காலத்தில் வீட்டுத் தொலைபேசிக்கு வாடகை கட்டுவது வீண் என்றும், இனி எல்லா அழைப்பும் இணையத்துக்கே மாறிவிட வேண்டும் என்றும் வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவர் சமவெளிக்காரர் என்பது கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. கோத்தகிரி கடைவீதியில் 1992 முதல் பதினெட்டு ஆண்டுகள் எஸ்.டி.டி. பூத் நடத்தியவன் நான். செல்போனும் இணையமும் வந்து என் தொழிலைக் கொண்டுபோயின. அதே இணையத்தின் வழியாகத்தான் இன்று வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகத்தை நாள்தோறும் பார்த்துப் பேசுகிறேன். எனவே பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று எவரும் எண்ண வேண்டாம்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிறிய நன்மை அல்ல. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் எங்கள் பகுதியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் ஏராளம். பூத் நடந்த காலத்தில் சம்பளம் போட்ட மறுநாள் மாலை அவர்கள்தான் என் கடை முன் வரிசையில் நிற்பார்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு மளிகைக் கடையின் எண் மட்டும் கையில் இருக்கும். அந்தக் கடைக்காரரை அழைத்து, 'அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிடுகிறோம், எங்கள் அக்காவை வரச் சொல்லுங்கள்' என்று கேட்டுக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். இரண்டாவது அழைப்பில் அக்கா வந்துவிட்டால் அதிர்ஷ்டம். அப்போதும் பேச்சில் பாதி கவனம்தான் இருக்கும். மீதிக் கவனம் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களின் மேல் இருக்கும். மூன்று நிமிடம் பேசினால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், 'நல்லா இருக்கியா, நல்லா இருக்கோம், வச்சிடறேன்' என்பதோடு பல பேச்சுகள் முடிந்துவிடும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கும் எனக்கு அவர்கள் பேசியதும் கேட்கும், பேசாமல் விழுங்கியதும் தெரியும்.

அப்படி வந்துகொண்டிருந்த ஓர் அம்மாவைச் சென்ற மாதம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பில் உள்ள அவருடைய லைன் வீட்டில் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு டப்பாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். திரையில் ஹட்டனில் இருக்கும் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இங்கே இவர் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இருவரும் பத்து நிமிடமாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காசு ஓடாத அழைப்பில்தான் இப்படிச் சும்மா கூட இருக்க முடியும். என் பதினெட்டு ஆண்டுத் தொழிலில் எந்த வாடிக்கையாளருக்கும் நான் இதைக் கொடுத்ததில்லை.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததும் அல்ல. இணையம் வழியாகப் பேசுவதை நம் நாட்டில் அரசு 2002 ஏப்ரலில்தான் அனுமதித்தது. அதுவும் கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் மட்டுமே. உள்நாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு இணையத்திலிருந்து பேசக் கூடாது என்ற தடை நெடுநாள் நீடித்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017-ஆம் ஆண்டுப் பரிந்துரைக்குப் பின் 2018-இல்தான் உரிம விதிகள் திருத்தப்பட்டன. என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தபோது, தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வளைகுடாவுக்குப் பேசிய பையன்கள் கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல் கத்துவார்கள். இது நிலைக்காது என்று நான் சிரித்தது நினைவிருக்கிறது. 2003 மே மாதத்தில் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசமானபோது முதல் அடி விழுந்தது. வாட்ஸ்அப்பில் 2015-இல் குரல் அழைப்பும் 2016 நவம்பரில் வீடியோ அழைப்பும் வந்தபோது என் பூத்தில் ஜெராக்ஸ் மெஷின்தான் இருந்தது.

இனி, அந்த வாசகர் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட இரண்டையும், அதாவது செயலி வழி அழைப்பையும் எண்ணை அழுத்திப் பேசும் அழைப்பையும், பிரித்துக் காட்ட விரும்புகிறேன். எந்த இணைய அழைப்பிலும் நம் குரல் துண்டு துண்டாக நறுக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. பொதுவாக ஒரு துண்டு என்பது ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு துண்டும் முகவரி ஒட்டிய ஒரு சிறு பொட்டலமாகப் போய், மறுமுனையில் வரிசைப்படுத்தப்பட்டு மீண்டும் குரலாகிறது. வழியில் சில பொட்டலங்கள் தொலைந்தால் சொல் விழுங்கப்படுகிறது. தாமதமானால் 'சொல்லு', 'நீ சொல்லு' என்று இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பேசிக்கொள்ள நேர்கிறது. ஒரு பக்கத்துக்கு 150 மில்லிநொடிக்குள் குரல் போய்ச் சேர்ந்தால் பேச்சு இடறாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த கணக்கு. மே மாத சீசனில் சுற்றுலாப் பயணிகள் ஊட்டியையும் குன்னூரையும் கோத்தகிரியையும் நிரப்பி, ஆளுக்கொரு வீடியோவை ஏற்றிக்கொண்டிருக்கும் மாலை வேளையில் இந்தக் கணக்கெல்லாம் எங்கள் மலையில் செல்லுபடியாவதில்லை.

இப்போது செல்போனில் சாதாரணமாக எண்ணை அழுத்திப் பேசும் 4ஜி அழைப்பும் உள்ளுக்குள் இணைய முறையில்தான் இயங்குகிறது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியதிலிருந்து எல்லா அழைப்பையும் அப்படியே கொண்டுபோகிறது. ஆனால் அந்த அழைப்புக்கு நிறுவனத்தின் வலைப்பின்னலில் தனித் தடமும் முன்னுரிமையும் உண்டு. செயலியின் அழைப்போ படம், பாட்டு, விளையாட்டு எல்லாவற்றோடும் சேர்ந்து பொதுத் தடத்தில் நெரிசலில் போகிறது. பெரிய வேறுபாடு இன்னொன்று: எண்ணை அழுத்திப் பேசும் அழைப்பிலிருந்து 112-க்கும் 108-க்கும் போக முடியும். வாட்ஸ்அப்பிலிருந்து முடியாது. அவசரச் சேவைகளை அழைக்கத் தங்கள் செயலி உதவாது என்று அந்த நிறுவனமே தன் பயன்பாட்டு விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு 'ஏற்கிறேன்' அழுத்தியவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இருக்க மாட்டார். தோட்டங்களில் இன்னும் பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர்களுக்குச் செயலி அழைப்பு போய்ச் சேராது என்பதும் இதோடு சேர்ந்தது.

பழைய செம்புக் கம்பித் தொலைபேசியை நான் உயர்த்திப் பேச வரவில்லை. மழைக்காலத்தில் கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கினால் நம் அழைப்புக்குள் அடுத்த வீட்டுக்காரரின் பாகப்பிரிவினை கேட்கும். பழுது என்று எழுதிக் கொடுத்தால், சரிபார்க்க ஆள் வருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். ஆனால் அதில் ஒரே ஒரு குணம் இருந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் அது பேசும். ஏனென்றால் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வருகிறது. 2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் பெய்த பெருமழையில் நிலம் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் கடைவீதியில் கரண்ட் இல்லை. பல இடங்களில் கம்பியும் அறுந்து கிடந்தது. எங்கள் தெருவின் லைன் மட்டும் எப்படியோ தப்பியது. மீட்டர் ஓட மின்சாரம் வேண்டும், போனுக்கு வேண்டாம். எனவே மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை நோட்டில் குறித்துக்கொண்டே இரவு முழுக்க அழைப்புப் போட்டுக் கொடுத்தேன். பாதிப் பேரிடம் காசு வாங்கவில்லை, வாங்கத் தோன்றவில்லை.

இன்று அந்தக் கம்பிகளை அவிழ்த்துவிட்டு ஃபைபர் போடுகிறார்கள். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. வீட்டுச் சுவரில் மாட்டும் மோடம் பெட்டிக்கு நம் வீட்டு பிளக்கிலிருந்துதான் மின்சாரம் வேண்டும். பெயருக்கு லேண்ட்லைன், எண்ணும் பழைய எண், கருவியும் பழைய கருவியாக இருக்கலாம். ஆனால் அது இப்போது ஓர் இணைய அழைப்பு. என் வீட்டில் இதை மாற்றிக் கொடுக்க வந்த ஊழியர், அதே நம்பர், அதே போன், சத்தம் மட்டும் இன்னும் தெளிவாக இருக்கும் என்றார். அவர் சொன்ன மூன்றும் உண்மை. கரண்ட் போனால் போனும் போய்விடும் என்ற நான்காவது உண்மையை அவரும் சொல்லவில்லை, அவர் நிறுவனம் கொடுத்த தாளிலும் இல்லை.

அது எங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்பதைச் சொன்னால்தான் இக்கடிதத்தின் காரணம் விளங்கும். கடந்த வடகிழக்குப் பருவமழையின்போது ஒருநாள் இரவு, எங்கள் தெரு மேட்டில் இருந்த கற்பூர மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்தது. மாலை ஆறரைக்குப் போன மின்சாரம் மறுநாள் பகலில்தான் வந்தது. மலையில் இது புதிதல்ல என்பதால் எல்லாரும் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டோம். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும், பக்கத்து வீட்டுப் பேரன் கதவைத் தட்டினான். அவனுடைய பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் வீட்டு மோடமில் ஒரு விளக்கும் எரியவில்லை. செல்போனில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தெரிந்தவர் ஒருவரை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தான். திரையில் 'காலிங்' என்றே நின்றது. 'ரிங்கிங்' என்று மாறவே இல்லை. அந்தச் சொல் மாறினால்தான் மறுமுனைக் கருவிக்கு அழைப்பு போய்ச் சேர்ந்தது என்று பொருள் என்பது அந்தப் பதற்றத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. அவனுடைய நிறுவனத்தின் டவர் பேட்டரி தீர்ந்து எப்போதோ அடங்கிவிட்டிருந்தது.

அவன் போனை வாங்கிப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில், அவசர அழைப்புகள் மட்டும் என்று எழுதியிருந்தது. அதன் பொருள் பலருக்குத் தெரியாது. நம் நிறுவனத்தின் டவர் இல்லை, ஆனால் வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டுகிறது, 112-ஐ அழைத்தால் அது ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள். 112 அழுத்தினேன், இரண்டாவது மணியில் எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் ஆனது. கொட்டும் மழையிலும் பனிமூட்டத்திலும் அதைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் பேரன் அதற்கு முன் இருபது நிமிடத்தை அந்தக் 'காலிங்' என்ற சொல்லின் முன் வீணாக்கியிருந்தான். அவன் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறவன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சமவெளியில் ஒரு டவர் படுத்தால் அடுத்த டவர் கை கொடுக்கும். இங்கே அலைகள் நேர்கோட்டில் வந்து மேட்டில் முட்டி நின்றுவிடுகின்றன. தொட்டபெட்டாவை ஊடுருவிக்கொண்டு எந்த அலையும் வராது. கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் போகிறவர்களுக்குச் சாலையின் எந்த வளைவில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும் என்பது மனப்பாடம். பந்தலூர்ப் பக்கம் உள்ள நண்பர்களின் போன், கேரள டவரைப் பிடித்துக்கொண்டு வயநாட்டுக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறது. அதே வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு கொண்டுபோனது. அங்கும் தேயிலைத் தோட்டங்கள்தான், லைன் வீடுகள்தான். இந்த மாவட்டத்திலேயே 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு எல்லா அழைப்பையும் ஒரே பிளக்கில் கொண்டுபோய்ச் செருகுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மோசடி அழைப்புகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாக ஒன்று. வெளிநாட்டிலிருந்து இணையவழியே வரும் அழைப்பை உள்ளூர் எண் போலக் காட்ட முடியும். வீடியோவில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டவும் முடியும். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும்: வாட்ஸ்அப்பில் இருவர் பேசுவது 2016 முதல் முனைக்கு முனை பூட்டப்பட்டே போகிறது. என் பூத்தின் கண்ணாடித் தடுப்பு அப்படியில்லை. கோத்தகிரியில் யார் யாரை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது பெற்றோருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2003-இல் தொடங்கி உலகத்துக்கே இணையப் பேச்சைப் பழக்கிய ஸ்கைப், 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. செயலி என்பது ஒரு நிறுவனத்தின் சரக்கு. வேண்டாம் என்றால் கடையைச் சாத்திவிடலாம். தொலைபேசி எண் என்பது உரிமத்துக்கும் விதிகளுக்கும் உட்பட்டது; கேள்வி கேட்க ஓர் அமைப்பு இருக்கிறது. அந்தக் கேள்வியைத்தான் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

மலை மாவட்டங்களில், அதாவது நீலகிரியோடு கொடைக்கானல் மலையையும் சேர்த்துச் சொல்கிறேன், ஃபைபர் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் எந்த நிறுவனமும் மின்சாரம் இல்லாதபோது அது இயங்காது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மோடத்தை ஓட்டும் சிறு பேட்டரிப் பெட்டி ஒன்றை இணைப்போடு சேர்த்தே தர வேண்டும். அந்த இரவுக்குப் பின் நான் சொந்தக் காசில் ஒன்று வாங்கி மாட்டினேன், மூன்று மணி நேரத்துக்குத் தாங்குகிறது. வீட்டில் பேட்டரி இருந்தும் வழியில் உள்ள நிறுவனத்தின் பெட்டியில் மின்சாரம் இல்லாவிட்டால் பயனில்லை என்பதால், அங்கும் டவர்களிலும் எத்தனை மணி நேரத்துக்கு மாற்று மின்சாரம் இருக்கிறது என்பதை மழைக்காலத்துக்கு முன் மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்கி வெளியிடலாம். சாலை துண்டிக்கப்பட்டால் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக முடியாது என்பதும் கணக்கில் வர வேண்டும். குஞ்சப்பனைப் பாதையில் மண் சரிந்தால் எங்களுக்குக் காய்கறி லாரியே வராது.

எல்லாவற்றையும்விட எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசு நிதியில் அமைந்த 4ஜி டவர்களை பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு 2025 ஜனவரி 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஏற்பாட்டை, சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் மலை மாவட்டத்தின் எல்லா டவர்களுக்கும் விரித்தால் போதும். பேரனின் டவர் அடங்கியிருந்தாலும் உயிரோடு இருந்த இன்னொரு டவர் 112-ஐ மட்டுமல்ல, அந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் சாதாரண அழைப்பில் இணைத்திருக்கும். டவர் ஏற்கெனவே இருக்கிறது, அலை ஏற்கெனவே வீட்டுக்குள் வருகிறது. கதவு மட்டும்தான் பூட்டியிருக்கிறது. சிக்னலே எட்டாத குடியிருப்புகளில் ரேஷன் கடையிலோ துணை சுகாதார நிலையத்திலோ மின்சாரம் போனாலும் இயங்கும் ஒரு தொலைபேசியாவது இருக்க வேண்டும். அதற்கு செயற்கைக்கோள் வழியா, சூரியத் தகடும் பேட்டரியும் வைத்த ஃபைபரா என்பதைத் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். வரும் ஐப்பசிக்கு முன், நீலகிரிப் பதிப்பின் முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, 'சிக்னல் இல்லாவிட்டாலும் 112 அழுத்திப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட முடியுமா? பக்கத்து வீட்டில் நான் கையால் எழுதி ஒட்டிய தாள் ஈரத்தில் ஊறி உதிர்ந்துவிட்டது. உங்கள் கட்டத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு மோடத்துக்குப் பக்கத்திலும் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோத்தகிரி